எந்தப் பக்கம்

பீரோவில் வைத்தால் மீன் வாசனை ஏறிவிடுமென்று
அரிசிப் பைக்குள் சுருட்டி
பரண்மேல் போட்டிருந்தேன் சால்வையை.

காசிமேட்டில் சால்வை வாங்கின ஒரே வீடு
எங்களுடையதுதான் என்று
எதிர்வீட்டு அமலோற்பவம் சித்திரை முழுக்கச் சிரித்தாள்.
நாற்பத்தொரு டிகிரி.
சிரிக்கட்டும்.

தை மாதம்,
குழுக் கடன் அடைத்த மிச்சத்தில்
பன்னிரண்டு பேர் மலைக்குப் போனோம்.
பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள்
இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள் ரோசாரி.

கோத்தகிரியில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரே
பழங்குடிக் கைவினைச் சந்தை.
தகரக் கூரை. கொம்புத் தேன். மூங்கில் குழல்.
கோத்தர் வனைந்த கறுப்புச் சட்டியைத் தட்டிப் பார்த்து
"வஞ்சிரக் கொழம்புக்குத் தாங்குமா?" என்றாள் ரோசாரி.
"வஞ்சிரம் தெரியாது. சட்டி தாங்கும்" என்றார் கடைக்காரர்.

கடைசி மேசையில் ஜெயசின்.
முடி சுருள்சுருளாகத் தோளில்.
கோடு போடவில்லை, அச்சு வைக்கவில்லை,
வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியெண்ணி
சிவப்பையும் கறுப்பையும் இறக்கிக்கொண்டிருந்தாள்.
உதடு மட்டும் அசைந்தது.

எனக்குத் தெரியும் அந்த உதடு.
ஏலத்தில் கூடை எண்ணும்போது
எனக்கும் அப்படித்தான்.
நடுவில் யாராவது கூப்பிட்டால்
மறுபடி ஒன்றிலிருந்து.
அதனால் பேசாமல் நின்றேன்.

வரிசை முடித்து நிமிர்ந்தாள்.
"நாலாயிரத்து இருநூறு."
"ரெண்டு" என்றேன்.
வாய்ப் பழக்கம்.
மூன்றரையில் வந்து நின்றது.
மிச்சம் எழுநூறு
வர்க்கியாகவும் சாக்லேட்டாகவும் ஆகி
மேட்டுப்பாளையத்தில் ரயிலேறும் முன்பே
உருகி விரலில் ஒட்டியது.

வழவழப்பான பக்கத்தைத் தடவி
அழகு என்று சொன்னேன்.
அவள் துணியைத் திருப்பினாள்.
நூல் புடைத்து, மேடும் முடிச்சுமாக.
"எங்களுக்கு இதுதான் முகம்."

"எந்த ஊரு?"
"மெட்ராஸ்ல பீச் பாத்துக்கீறியா?
அதுக்கு வடக்கால போய்க்கினே இரு.
ஹார்பர் செவுரு வரும், கண்டெய்னர் லாரி வரும்,
அப்பால மூக்கப் புடிச்சிக்குவ.
அங்கதான்."
"ராத்திரிலயும் கடல் நிக்காதா?"
"நிக்காது."
"அப்ப எப்படித் தூங்குவீங்க?"

ஐம்பது வருஷத்தில்
யாரும் கேட்காத கேள்வி.
பதில் தெரியாமல்
பில்லின் பின்னால் என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.

கார்த்திகையில் புயல்.
துறைமுகத்தில் ஏழாம் நம்பர் கூண்டு.
ஏலம் இல்லை, கரண்ட் இல்லை,
படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்
விடிய விடிய.
தெரியாத நம்பர்.
"கடல் நின்னுச்சா?"

"எங்க நிக்குது?
வாசல் வரைக்கும் வந்து வெல கேக்குது."
சிரித்தாள்.
அங்கேயும் மழையாம்.
மண் சரிந்து ரோடு போய்விட்டதாம்.
எருமைகள் மேட்டில் இருக்கின்றனவாம்.
எழுநூறு ரூபாய் விஷயத்தை
எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள்
என் போன் அணைந்தது.

பையை இறக்கிப் பிரித்தேன்.
மீன் வாசனை எப்படியோ ஏறியிருந்தது,
கொஞ்சம் நெருப்புப் புகை வாசனையும்,
அது இங்கேயுள்ளதில்லை.
முடிச்சுப் பக்கம் வெளியே தெரியப் போர்த்திக்கொண்டு
மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

அமலோற்பவம் டார்ச் அடித்தாள்.
"இன்னாக்கா, உல்ட்டாவா போத்திக்கினு கீற?"

இல்லை என்றேன்.