மூச்சுக்கு முந்நூறு

எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த மலையே
ஆயிரத்து முந்நூறு மீட்டர்தான்.
நான் அதில் ஏறியதில்லை.
ஆனால் வாரம் இருமுறை
இரண்டாயிரத்து நானூறு மீட்டரில்
தள்ளுவண்டி தள்ளுகிறேன்.
விமானம் பறப்பது அதற்கும் எவ்வளவோ மேலே,
அது விமானியின் கணக்கு.
நான் சொல்வது
உள்ளே அடைத்துவைத்த காற்றின் உயரம்.

ஹெல்சிங்கியிலிருந்து ஒஸாகா.
துருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம்.
முந்நூறு பேர்
ஒருவர் விட்டதை ஒருவர் வாங்கிக்கொண்டு.
பாதி, வடிகட்டிய பழசு.
பாதி, எஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்து
குளிரவைத்து அனுப்பிய புதுசு.
தட்டில் வைத்த ரொட்டி
பத்து நிமிடத்தில் ஓரம் சுருளும்.
என் கைக்குட்டையில் எப்போதும்
துரு நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும்.
இதெல்லாம் பழகிவிட்டது.

நவம்பரில் வந்தது பழகாத ஒன்று.
மேலேறிக்கொண்டிருந்தோம்.
ஈரக் கம்பளிக் காலுறையை
ரேடியேட்டர்மேல் போட்டு மறந்ததுபோல்
ஒரு வாடை.
முப்பத்தொன்றாம் வரிசையில் ஒருவர் குனிந்து
பக்கத்து இருக்கைக்காரரின் கால்களைப் பார்த்தார்.
நான் சிரித்தேன். சீருடையில் அதுவும் சேர்த்தி.
திரைக்குப் பின்னால் தெர்ஹி கேட்டாள்,
"உனக்கும் வருதா?"
"வடக்கே போனால் வாடை அடிக்கத்தானே செய்யும்" என்றேன்.
இருவரும் சிரித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

நான்கு மணி நேரம் கழித்து
வெள்ளைத் தலை ஜப்பானியர் ஒருவர்முன் நின்று
"தேநீரா, இல்லை..." என்றேன்.
அந்தச் சொல் இல்லை.
கறுப்பு. கசப்பு. குடுவை கையைச் சுடுகிறது.
பதினொரு வயதிலிருந்து
நாளுக்கு ஆறு கோப்பை குடிப்பவள் நான்.
சொல் இருந்த இடத்தில்
மெத்தென்று ஏதோ அடைத்திருந்தது.
அவர்தான் விரலால் குடுவையைக் காட்டி
மெதுவாகச் சொன்னார், "கோஹீ."
ஆமாம். அதேதான்.
குனிந்து நன்றி சொன்னேன்,
தொலைந்த பொருளை எடுத்துக் கொடுத்தவருக்குச் சொல்வதுபோல்.

படிவத்தில் வாடைக்கு நான்கு கட்டங்கள்:
எண்ணெய், புகை, கருகல், பிற.
பிறவில் குறியிட்டுக் காலுறை என்று எழுதினேன்.
பொறியாளர் ஓஸ்மோ திறந்து பார்த்தார்,
மூடிவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.
வான்தாவில் மருத்துவர் வயது கேட்டார்.
நாற்பத்தேழு என்றதும்
அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.
மாதவிலக்கு நிற்கும் பருவம்,
தூக்கக் குறைவு,
போய் வாருங்கள்.

அலுவலகத்தில் ஹுஹ்தலா
காப்பி ஊற்றித் தந்தாள்.
(சொல் இப்போது வருகிறது. பெரும்பாலும்.)
அறிக்கை மேலே போயிருக்கு,
பதில் வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றாள்.
அன்பாகத்தான் சொன்னாள்.

தெர்ஹி சொந்தக் காசில் ஒரு மானி வாங்கினாள்,
தீப்பெட்டியளவு. ஏப்ரன் பையில் பேனாக்களோடு கிடக்கும்.
அது கரியமில வாயுவை மட்டும் எண்ணும்.
காலுறை வாடைக்கு அதனிடம் எண் கிடையாது.
தெரிந்தேதான் வாங்கினாள்.
பயணிகள் ஏறும்போது ஆயிரத்து எழுநூறு,
விளக்கணைத்தபின் ஆயிரத்து நூறு என்று
வாந்திப் பையின் பின்புறத்தில் குறித்துவைத்தாள்.
பிப்ரவரியிலிருந்து அவள் விடுப்பில் இருக்கிறாள்.
மாடிப்படியில் பாதியில் நின்று,
மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று
யோசிக்க வேண்டியிருக்கிறதாம்.
மானி இப்போது என்னிடம். பைகளும்.
நாற்பத்தோரு பைகள்.

இன்று திரை வேலை செய்யவில்லை.
நடைபாதையில் நின்று நானே காட்ட வேண்டும்.
மஞ்சள் முகமூடியை உயர்த்துகிறேன்.
முதலில் உங்களுக்கு, பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு.
பத்தொன்பது வருடமாக
மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னது.
"இயல்பாக மூச்சு விடுங்கள்"
என்கிறது ஒலிபெருக்கி.
காட்டுவதற்கென்று வைத்திருக்கும் முகமூடி இது,
இதன் குழாய் எதோடும் இணைந்ததில்லை.
நுனி என் முழங்கை அருகே ஆடிக்கொண்டிருக்கிறது.
மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி
அதையே பார்க்கிறாள்,
அது எங்கே போகிறதென்று.