பட்டியலில் பன்னிரண்டு

இரண்டிலிருந்து மூன்று மணிவரை
யாரும் எதையும் தேடி வருவதில்லை.
பிர்னோ நகர டிராம்களில் தொலைந்ததெல்லாம்
என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது:
குடை நாற்பத்தொன்று,
இணை பிரிந்த கையுறைகள் ஒரு பெட்டி,
ஓர் ஊன்றுகோல்.
அது இல்லாமல் அந்த ஆள் எப்படி வீடு போனார் என்று
மூன்று மாதமாக யோசிக்கிறேன்.

ஹீட்டரைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு
கணினியில் மாளிகையைத் திறக்கிறேன்.
பிரபு செத்து நூறு வருடம்,
ஒருவரும் கூட்டிப் பெருக்கவில்லை.
சமையலறைக்குள்ளேயே
கத்தரிக்கோல், வௌவால், சதுரங்கக் குதிரை,
தவளை, வயலின், சீப்பு.
கீழே பட்டியல். எப்போதும் பன்னிரண்டு.
கண்டுபிடித்ததும் பொருள் மினுங்கி
சின்ன மணியோசையோடு காற்றில் கரைகிறது,
சொல்லின் மேல் ஒரு கோடு விழுகிறது.
என் அலமாரியில் ஒருநாளும்
ஒன்றும் கரைந்ததில்லை.

ஸ்திபோர் கேட்கிறான்,
நாளெல்லாம் சாமானோடு மாரடித்துவிட்டு
ஓய்வுக்கும் சாமானா?
இங்கே பொருள் இருக்கிறது, தேடுகிறவர் இல்லை.
அங்கே தேடச் சொன்னது
கட்டாயம் இருக்கும்.
அந்தக் கட்டாயத்துக்காகவே
மாடிப்படிக் கைப்பிடியின் வளைவாக
ஒரு கேரட்டை ஒளித்தவனை மன்னிக்கிறேன்.
ஒரே ஒரு பெட்டியை நெம்பியதும்
கடப்பாரை உடைந்துபோவதையும்.

ஒருநாள் பட்டியலில் ஸாமெக் என்றிருந்தது.
எங்கள் பேச்சில் ஸாமெக் என்றால் பூட்டு,
மாளிகையும் ஸாமெக்தான்.
மாளிகைக்குள் நின்றுகொண்டு
மாளிகையைத் தேடு என்கிறதோ என்று
கால்மணி நேரம் சுவரையெல்லாம் அழுத்தினேன்.
கண்டபடி அழுத்தினால்
சுட்டிக்குத் தலை சுற்றும்.
அதுதான் தண்டனை.
அவ்வளவுதான் தண்டனை.
பூட்டு நாயின் கழுத்தில் தொங்கியது.

நேற்று இரண்டரைக்கு ஒருவர் வந்தார்.
படிவத்தில் எழுதினார்:
பெயர், ஒல்ட்ரிஹ் ஹனாச்செக்.
டிராம், நான்கு.
பொருள் என்ற இடத்தில் பேனா நின்றது.
ஏறும்போது கையில் ஏதோ இருந்தது,
இறங்கும்போது இல்லை,
என்னவென்றுதான் நினைவில்லை என்றார்.

கனமா? இல்லை.
உடையுமா? தெரியாது.
சாப்பிடுவதா? சிரித்தார்.
துப்புக் கொடுக்கும் பொத்தான்
எனக்கு யாரும் வைத்துத் தரவில்லை.
அலமாரி அலமாரியாக அழைத்துப் போனேன்.
ஒரு டார்ச்சை எடுத்தார், வைத்தார்.
ஒரு கேக் டப்பாவை மோந்து பார்த்தார், வைத்தார்.
ஊன்றுகோலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்,
அவருடையது என்று சொல்லிவிடக் கூடாதா
என்றிருந்தது எனக்கு.

திரும்பி வந்தவர் என் திரையைப் பார்த்தார்.
கையுறை கழற்றாத விரலால்
திரைச்சீலையின் அடியைத் தொட்டார்.
குஞ்சம் குஞ்சமாகத் தொங்குவதில்
ஒன்று குஞ்சமில்லை,
சீப்பு.
அரைமணியாக நான் பார்த்துக்கொண்டேயிருந்த இடம்!
அழுத்தினேன். மணி.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
வௌவால் எனக்கு, தவளை அவருக்கு.
சொல்லாதீர்கள் சொல்லாதீர்கள் என்று
இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம்.
சமையலறைக் கதவு திறந்தது,
உள்ளே நூலகம்,
அங்கும் ஒரு பயல் கூட்டிப் பெருக்கவில்லை.

மூன்றடிக்க எழுந்தார்.
கிடைத்தால் சொல்லுங்கள்.
எது?
அதுதான்.

போன பிறகு
அறையை ஒருமுறை பார்த்தேன், பழக்கதோஷம்.
சாம்பல் சுவர், சாம்பல் நாற்காலி,
நாற்காலி முதுகில் ஒரு மடிப்பு
நாற்காலிக்குச் சேராதது.
மஃப்ளர்.
இன்னும் சூடு.

அவர் விட்டுப்போன படிவத்தில்
காலியாகக் கிடந்த இடத்தில் அதை எழுதினேன்.
ஸ்திபோரிடம் கவுன்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு
நான்காம் எண் நிறுத்தத்துக்கு
பனியில் வழுக்கி வழுக்கி ஓடினேன்.
கோடு
இன்னும் போடவில்லை.