முதல் மூன்று மணி நேரம்

ஓஸ்த்ராவா ரயிலடிக் கடையில்
வயர் அறுந்த சார்ஜர்களுக்கும்
ஜோடி தொலைத்த கையுறைக்கும் நடுவே
நாற்பது கொருனாவுக்குக் கிடைத்தது
ஒரு ராஜ்ஜியம்.
உறையின் மேல் டிராகன்.
உள்ளே இதுவரை எலிகள்தான்.

முதல் எலியே என்னைக் கொன்றது.
இரண்டாம் முறையும் அதே எலி.

அரசனுக்கும் சாராயக்கடைக்காரனுக்கும் ஒரே குரல்.
ஆறு ஓடவில்லை, மினுங்குகிறது.
மரத்தில் செதுக்கிய முகங்கள்; வாய் மூடிய பின்னும்
சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன,
என் கடைசி டிராமில் ஏறும் குடிகாரர்கள் மாதிரி
பிந்திப் பிந்தி.

துருப்பிடித்த வாளை விற்கப் போனேன்.
வணிகன் இரண்டு காசு என்றான்.
போன மாதம் என் குளிர்கோட்டுக்கு
ரயிலடிக் கடைக்காரி சொன்ன விலையும்
ஏறக்குறைய அதுதான்.

"பத்து மணி நேரம் பொறு, பிறகு சூடு பிடிக்கும்"
என்கிறான் போனில் அண்ணன் வோய்த்யெஹ்.
தன் கல்யாணத்தைப் பற்றியும்
இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் இன்னும் முதல் ஊரையே தாண்டவில்லை.
பை நிறைய முட்டைக்கோஸ்.
எதற்கென்று தெரியாது;
எடுக்க முடிந்தது, எடுத்தேன்.
பாரம் அதிகம், இனி ஓட முடியாது
என்று திரையில் ஒரு வரி.

துணி காயப்போட்டுவிட்டு வந்தால்
கோட்டை வாசலில் அவள் அங்கேயே நிற்கிறாள்,
ஒரு காலிலிருந்து மறு காலுக்கு
எடையை மாற்றி மாற்றி.
யாரும் சொல்லாமலே அங்கே விடிந்திருந்தது,
சதுரம் சதுரமான வெளிச்சம்.
கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு எலி.
இந்த முறை
முட்டைக்கோஸைக் கீழே போட்டுவிட்டு.