பதினேழு புள்ளி நான்கு

ஒவ்வொரு உரையாடலும் பன்னிரண்டு நிமிடம்.
அதற்கு மேல் போனால் கோப்பு கனத்து
கோட்டூர் சிக்னலில் மூச்சு வாங்கும்.
தத்துவத்துக்கு நான் வைத்திருக்கும் மரக்கால் அவ்வளவுதான்.
பகலில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதுகிறேன்.
இரவில் யோசிப்பவர்களைத் தொலைபேசியில் பிடிக்கிறேன்.

பேராசிரியர் ஹபீபா பிறந்தது கூத்தாநல்லூர்.
முப்பது வருஷமாக அவருக்கு ஒரே கேள்வி:
குவியலிலிருந்து ஒரு மணி எடுத்தால்
மிச்சம் குவியல்தானே?
இன்னொன்று எடுத்தால்?
இன்னொன்று?
எந்த மணியோடு போகிறது
குவியல் என்ற பெயர்?

எங்கள் சனங்களுக்குப் புரிகிற மாதிரி
கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள் என்றேன்.
"இதில் எந்தச் சொல் கடினம்?" என்றார்.
தேடினேன். ஒன்றும் இல்லை.

நாற்பத்தொரு நிமிடத்தைப் பன்னிரண்டாக வெட்டினேன்.
இருமலை எடுத்தேன், தெருவில் போன ஆம்புலன்ஸை எடுத்தேன்.
"எனக்குத் தெரியவில்லை" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்.
இரண்டை எடுத்துவிட்டேன்.
கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டுமே.

குறுவை அறுத்து ஒன்பதாம் ராத்திரி.
கொள்முதல் நிலையத்தில் டோக்கனுக்குக் காத்துக்கிடந்தவர்கள்
போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுக் கேட்டார்கள்.
சுற்றிலும் குவியல்,
குவியலுக்குக் குவியல் தார்ப்பாய்.

மூட்டை தூக்கும் பக்கிரிசாமி சிரித்தார்:
"குவியல் எப்பக் கொறையுதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியலையாம்.
ஒரு நாளைக்கு இங்க வந்து
தராசுக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க."

வேம்பு சிரிக்கவில்லை.
அவள் நெல்லுக்கு அன்று மீட்டர் காட்டியது
பதினேழு புள்ளி நான்கு.
பதினேழு வரைக்கும் நெல்.
அதற்கு மேல் ஈரம்.
"பதினேழுல காஞ்சிருந்தது
புள்ளி நாலுல எப்படி நனைஞ்சுது?"
அளந்த காத்தமுத்துவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.
"எனக்குச் சொன்னது பதினேழு" என்றார்,
யாரும் அவரைக் கேட்காதபோதே.

மறுநாள் சாயங்காலம் ஹபீபாவுக்குப் போன் போட்டு
வேம்புவின் கையில் கொடுத்தேன்.
நலம் விசாரிப்பு கிடையாது, முன்னுரை கிடையாது.
"கோடு எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியலைன்னா
கோடு போட்டவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

பதினோரு நொடி.
அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு அவர் சொன்னார்:
"அவனுக்கும் தெரியாது.
ஆனாலும் எங்கேயாவது போட்டுத்தான் ஆகணும், வேம்பு.
போட்டவன் அதை நெல்லு போட்ட கோடுன்னு சொல்லக்கூடாது.
நான்தான் போட்டேன்னு சொல்லணும்.
நீ ஏன்னு கேட்டா நின்னு பதில் சொல்லணும்."

"யாரு நிக்கிறா" என்றாள் வேம்பு.

இதற்கும் ஹபீபா
எனக்குத் தெரியவில்லை என்றார்.
இந்த முறை வெட்டுவதற்கு என் கையில் கத்தரி இல்லை.
கேட்டதும் வேம்புவின் முகம் தெளிந்த மாதிரி இருந்தது,
சின்னக் கணக்கு ஒன்றில்
வாத்தியாருக்கும் அதே இடத்தில் இடித்தது போல.

பேசிக்கொண்டிருக்கும்போதே
திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து மழை வந்தது.
சிக்னல் போயிற்று.
காத்தமுத்து மீட்டரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார்.
பக்கிரிசாமி மறுமுனையை.

விடிந்ததும் அளந்தால் பதினெட்டைத் தாண்டும்.
அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வாரக் கோப்பு நான்கு நிமிடம்.
பதினோரு நொடி அப்படியே இருக்கிறது, மின்விசிறியோடு.
போன் கெட்டுவிட்டதென்று நினைத்து
அணைத்துவிடாதீர்கள்.

மழை விட்டபின் நான் கிளம்பும்போது
வேம்பு குனிந்து
சிமெண்டுத் தரையின் விரிசலில் சிக்கிய நெல்லை
ஒன்று ஒன்றாய் நகத்தால் நெம்பி எடுத்து
குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள்.