நாலாம் வரிசை

கடையத்துக்கு மேற்கே
தார்ச்சாலை மண்ணாகி, மண் பாறையாகிற இடத்தில்
என் மூன்று ஏக்கர்
கிழக்கே பார்த்துச் சரிந்து கிடக்கிறது,
பந்தியில் இலை கிடைக்காதவன்
நிலையில் சாய்ந்து நிற்பது மாதிரி.

காலை வெயில் நேரே முகத்தில்.
நாலரைக்கெல்லாம் மலை
அதைச் சுருட்டி எடுத்துக்கொள்ளும்.
கீழே பாவூர்ச்சத்திரத்துச் சந்தையில்
இன்னும் இரண்டு மணி நேரம் தக்காளி வேகும்;
என் இலைகளுக்கு அதற்குள் அந்தி.
எடுத்துக்கொண்டுபோன அந்த இரண்டு மணி நேரத்தைப்
பழத்தின் புளிப்பில் திரும்பப் பார்க்கிறேன்.

ஆனி பிறந்தால் கணவாய் வழியே
அந்தப் பக்கத்து மழையின் மிச்சம் வரும்.
நனைக்காது, விடவும் விடாது.
குற்றாலத்தில் சாரலுக்குக் கூட்டம் வரும்,
என் தோட்டத்தில் அடிச்சாம்பல் வரும்.
மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து
நீலம் போகாத விரலால்
சோறு பிசைகிற மாதம் அது.
பிறகு அதே காற்று, ஈரம் தீர்ந்தபின்னும் வீசி
இலை இலையாகத் துவட்டிவிடும்.
அடித்தவனே வந்து கட்டுப்போடுவான், அப்படி.

கொடி தூங்க இங்கே பனி கிடையாது.
கார்த்திகைக் கடைசியில்
கத்தரியால் நான்தான் தூங்கவைத்து
நான்தான் எழுப்புகிறேன்.
வெட்டின கணுவில் ஒரு சொட்டு நிற்கும்.
கொடி அழுவுது என்பாள் சூரம்மாள்.
வேர் குடித்தது வாய்வரை வந்துவிட்டது,
அவ்வளவுதான், என்பேன்.
ஆனாலும் அன்றைக்கு
இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

நட்ட வருஷம் மாசானம்
நாலு இடத்தில் ஆளுயரக் குழி வெட்டினான்.
அடியில் களி, கையை விடாத களி.
உச்சியில் சரளை, ஊற்றின தண்ணீர்
போன இடம் தெரியவில்லை.
நடுவே, இரண்டடிச் செம்மண்ணுக்குக் கீழே
கடப்பாரை ணங்கென்றது.
வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் கல்.
“இதுக்குக் கீழ வேரு எறங்காது யக்கா.”
ஆய்வுக்கூடத் தாளும் அதையே
அச்சில் சொன்னது: மாற்றுப்பயிர் யோசிக்கவும்.
வங்கிப் படிவத்தில் மண்வகைக்கு ஒரே கட்டம்.
‘இடத்துக்கு இடம்’ என்று எழுதினேன்.
மேலாளர் அடித்துவிட்டுச்
செம்மண் என்று போட்டார்.

கம்பத்துக் குச்சிகள் யாரையும் கேட்கவில்லை.
களியில் நின்றவை
கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஊதிக் காய்த்தன.
கல்லில் நின்றவை கறுத்து, சிறுத்து,
தோல் தடித்து.
தரகு தர்மராசு ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து
“என்ன இது, மிளகுதக்காளியா?” என்றார்.
கீழ்வரிசைகளை எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

பங்குனியில் ஒரு ராத்திரி கரடி வந்தது.
மேலேயிருந்து இறங்கி
முதல் வரிசையைத் தொடவில்லை,
இரண்டு, மூன்று, தொடவில்லை.
நாலாவதில் பாதியை உருவித் தின்று
கம்பியை வளைத்துவிட்டு, வந்த வழியே
திரும்பிவிட்டது.
விடியலில் இனிப்புமானியைத் துடைத்து
ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
நாலாம் வரிசை இருபத்திரண்டு.
தர்மராசு கொண்டுபோனது பதினாறு.
சாய்ந்த கல்தூணைத் தோண்டி நிமிர்த்தும்போது
சுக்கான் இடுக்கில் ஒரு வேர்.
தலைமுடி கனம்.
எதைத் தேடிப் போனதோ,
அறுபடாமல் மண்ணைத் திரும்ப மூடினோம்.

திருவிருந்து ரசத்துக்குப் பழம் கேட்டு
உபதேசியார் நவமணி மொபெட்டில் வந்தார்.
“கரடி தின்ன மிச்சமா?”
“ஆமா.”
கொஞ்சநேரம் கொத்துகளையே பார்த்தார்.
“முதற்பலன் யாருக்குப் போனா என்ன,
பதினஞ்சு கிலோ போடுங்க.”

அடுத்த மாதம் காசு கொடுக்க வந்தவர்
கிளம்புகிற நேரத்தில் சொன்னார்:
“ரசம் லேசாப் புளிச்சதுன்னு
சபையில ரெண்டு பேர் சொன்னாங்க.”
“அது மலை” என்றேன்.
கேட்ட மாதிரி தெரியவில்லை.
கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.
மணி நாலரை.