பன்னிரண்டு புட்டிகள்

செந்தாந்த்ரே நகரமன்றத்தின் பின்கட்டில்
நீர்ப் பரிசோதனைக் கூடம்.
மேசைமேல் பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள்.
ஆறில் குழாய்நீர்.
மற்ற ஆறிலும் அதே குழாய்நீர்தான்.
ஆனால் லியோன் நகரத்திலிருந்து
பதினோரு மணி நேரம் பறந்து ரியூனியன் வந்தவர்
செம்புச் சுருளுக்குள் முக்கால் மணி நேரம் வைத்து
அதற்கு ஒத்திசைவு ஏற்றியிருந்தார்.

எது எது என்று எனக்கும் தெரியாது.
எண்ணிட்டவன் ழான்-ழாக் பயே.
தாளை உறையிலிட்டு ஒட்டி
வண்டிச் சாவியோடு பையில் போட்டுக்கொண்டு
சமோசா வாங்கப் போய்விட்டான்.

லியோன்காரர் ஊசலை எடுத்தார்.
வெள்ளை லினன் சட்டை. நல்ல மனிதர்.
என் பெயரைச் சரியாகச் சொல்ல
மூன்று முறை முயன்றார்.
ஊசல் சுழன்றது, நின்றது, சுழன்றது.
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.
புயலுக்குப் பிறகு ஒன்பது நாள்
சலாசிப் பக்கம் குழாயில் சேறுதான் வந்தது.
ஒரு செம்புச் சுருள் போதுமென்றால்
யாருக்குக் கசக்கும்?

உறையைப் பிரித்தோம்.
பன்னிரண்டில் ஆறு சரி.

"பாதி!" என்று முகம் மலர்ந்தார்.
பூவா தலையா போட்டாலும் பாதிதான் என்றேன்.
சொன்ன பிறகு
அவருக்காக எனக்குக் கூசியது.

ஈசல் போலக் கிளம்பின காரணங்கள்:
குழல்விளக்கு,
ழான்-ழாக்கின் கைபேசி,
எரிமலையின் காந்தம்,
கடைசியில் நான்.
சந்தேகிக்கிற மனம் ஒன்று அறையில் இருந்தால்
நீர் கூச்சப்படுமாம்.
பெர்லினில் பள்ளிகள் கேட்கின்றனவாம்,
பிரசெல்சில் ஓட்டல்கள் வரிசையில் நிற்கின்றனவாம்.
"உங்களுக்குத் தெரியாததா,
தீ மிதிக்கிறவர்கள் ஆயிற்றே நீங்கள்."

ஆமாம், மிதிக்கிறேன்.
ஜனவரி தோறும், பதினெட்டு நாள் விரதமிருந்து.
கரியின் வெப்பம் காலில் ஏறச்
சற்று நேரம் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்.
படித்ததால் குழிக்கரையில்
நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லை.
போன முறை இடது குதிகாலில் கொப்புளம்.
மருந்தகத்தில் ஒடில் பூங்காவனோன்
களிம்பை எடுத்தபடியே என்ன ஆயிற்று என்றாள்.
சுட்டுவிட்டது என்றேன்.
தீ கூச்சப்பட்டது என்று சொல்லவில்லை.
அடுத்த ஜனவரிக்கு
யாரிடமும் முன்பணம் வாங்கவுமில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா?
இல்லை. சமோசா ஆறிக்கொண்டிருந்தது,
அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

மன்றக் கூட்டத்தில் பதினொரு கை உயர்ந்தது.
பாதிப் பணம் ஐரோப்பிய நிதியிலிருந்து வரும்,
வேண்டாமென்றால் திரும்பிப் போய்விடும்
என்றார் துணைமேயர் கனகுயி.
இரண்டு பள்ளிகளுக்குச் சுருள் வாங்கியாயிற்று.
என் மூன்று பக்க அறிக்கை
ஏழாவது இணைப்பாக,
வாகன நிறுத்தக் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கிறது.

குழந்தைகளுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.
நீர் நீராகத்தான் இருக்கிறது.
கூரைத் தொட்டியின் உடைந்த வடிகட்டியும்
உடைந்தபடியே இருக்கிறது.

புட்டிகளை மேசையில் வைத்திருக்க மனமில்லை.
பன்னிரண்டையும் கூடத்தின் பின்னால்
ஒரே முருங்கைக்கு ஊற்றினேன்.

காய்த்திருக்கிறது.
லியோன்காரரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.