கழித்தால் வருவது

நூறு கிராம் பச்சைப் பேக்கன்
அடுப்பை விட்டு இறங்கும்போது
முப்பதுக்குப் பக்கத்தில் நிற்கும்.
மீதி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
நான் கேட்பேன். அதற்குத்தான் சம்பளம்.

அயோவாவில், வாட்டர்லூவில்,
சீடர் ஆறு உறைந்து கிடக்கும் பிப்ரவரி.
ஆலையின் பின்புறம் ஜன்னலில்லாத ஆய்வகம்.
டுவெய்ன் வறுப்பான், நான் நிறுப்பேன்.
ஒரு துண்டு போகும்போது இருபத்தெட்டு, வரும்போது எட்டு.
கோபித்துக்கொண்ட பெல்ட் மாதிரி
முறுக்கிக்கொண்டு தட்டில் கிடக்கும்.

அரைத்த பேக்கனை
இரவெல்லாம் உலர்த்தினால் நீர் போகும்: பன்னிரண்டு.
ஈதரில் கழுவினால் கொழுப்பு இறங்கும்: நாற்பத்திரண்டு.
ஐந்நூற்றைம்பது டிகிரியில் எரித்தால்
கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளைப் படிவு,
ஊதினால் பறக்கும்: ஏழு. பெரும்பாலும் உப்பு.
புரதத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.
நைட்ரஜனைப் பிடித்து ஆறேகாலால் பெருக்கு:
முப்பத்தேழு.

மாவுச்சத்தை மட்டும் அளப்பதே இல்லை.
எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழி.
எஞ்சுவது அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும்.
இரண்டு.
என் கை நடுங்கியது,
தராசுக்கு மேல் டுவெய்ன் தும்மியது,
அடுப்பின் கதவை ஒருமுறை அவசரமாகத் திறந்தது
எல்லாம் அந்த இரண்டுக்குள் அடக்கம்.

இருபத்தோரு வருடம்.
ஒரு துணுக்கு என் நாக்கில் பட்டதில்லை.
ஆனால் கோட்டு மணக்கும், கார் இருக்கை மணக்கும்.
ரமளானில், நோன்பு திறக்க இன்னும் நான்கு மணி நேரம் இருக்க,
என் தலைமுடி மணக்கும்.
மகன் காரின் கண்ணாடியை இறக்கிவிடுவான்,
பனி கொட்டினாலும்.

வாடிக்கையாளர் பிரிவுக்குப் போகவேண்டிய அழைப்பு
அன்று தவறி என் மேசைக்கு வந்தது.
டெகோராவிலிருந்து ஆர்லிஸ்.
கணவருக்கு நெஞ்சைத் திறந்து
மூன்று குழாய் மாற்றியிருக்கிறார்கள்.
"இரண்டு துண்டு எண்பது கலோரி என்று
பொட்டலத்தில் போட்டிருக்கிறீர்களே, நிஜம்தானா?"
நிஜம்தான் என்றேன். நானே அளந்தது.
"அப்படியானால் வாணலியில் நின்ற கொழுப்பு?"
துடைத்து எறிந்துவிட்டோம்.
வெந்த துண்டுக்குத்தான் கணக்கு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவள் பக்கம் ஏதோ பொரிகிற சத்தம்.

"நான் அதைக் காபி டின்னில் ஊற்றிவைப்பேன்.
முட்டை அதில்தான். பச்சை பீன்ஸ் அதில்தான்.
சோளரொட்டியையும் அதில் சுட்டால்தான்
ஹெர்ஷலுக்கு இறங்கும்.
அது யார் கணக்கு, அம்மா?"

படிவத்தைப் பார்த்தேன். பதினாறு கட்டம்.
சோடியத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று,
பேக்கனில் இல்லவே இல்லாத நார்ச்சத்துக்குக்கூட ஒன்று.
டின்னுக்கு இல்லை.

ஒரு மேசைக்கரண்டி நூற்றுப் பதினைந்து என்றேன்.
எழுதிக்கொண்டாள். பென்சில் கீறுவது கேட்டது.
நூற்றுப் பதினைந்து என்று இன்னொருமுறை,
யாரையோ திட்டுவது போல.

"உனக்கு மொறுமொறுப்பாகவா, தளதளவென்றா?"
நான் சாப்பிடுவதில்லை என்றேன்.
சிரித்தாள், இருமும் வரை.
"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்காமல் விட்டார்களே.
பெயர் என்ன?"
ஸும்ரெதா.
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.
அதையும் நூற்றுப் பதினைந்துக்குக் கீழே
எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

டுவெய்ன் வாணலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
எறியாதே என்றேன்.
காகிதத்தைத் தராசில் வைத்தேன்,
உலர்ந்த காகிதம் ஒன்றை நிறுத்து அதைக் கழித்தேன்.
இரண்டு துண்டுக்குப் பதினெட்டு கிராம்.
"எந்தக் கட்டத்தில் போடுவாய்?" என்றான்.

ஓரத்தில் எழுதினேன்,
பென்சிலால்.